முதல் வகுப்புக்கு எத்தனை கதவு?

டிக்கெட்டில் வகுப்பு ஒன்றுதான். விமான நிலையத்தில் லவுஞ்சுகள் பல. எதில் உட்காருவது என்பதை டிக்கெட் மட்டும் முடிவு செய்வதில்லை.

கடக்வாஸ்லாவில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெரியவரைக் கற்பனை செய்து கொள்ளலாம். ஏரிக்கு அருகே உள்ள மத்திய நீர் மற்றும் மின்சக்தி ஆராய்ச்சி நிலையத்தில், அணைகளுக்கும் துறைமுகங்களுக்கும் சிறிய மாதிரி கட்டித் தண்ணீர் விட்டுப் பார்த்தே முப்பது வருடம் ஓட்டியவர். 1916-ல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பொறியாளர்களில் ஒருவர் என்று வைத்துக் கொள்வோம். எழுபது வயது நிறைவதை ஒட்டி, அமெரிக்கக் குடிமகனாகிவிட்ட மகன் டிக்கெட் வாங்கி அனுப்புகிறார். மும்பையிலிருந்து பிராங்க்பர்ட் வழியாக அமெரிக்கா. அப்பாவுக்கும் மகனுக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இரண்டுமே முதல் வகுப்பு.

பெரியவருக்கு விமானம் புதிதல்ல. ஆனால் சர்க்கார் செலவில் பறந்த காலத்தில் அவருக்குக் கிடைத்தது எகானமி. பதவிக்கு ஏற்ற இருக்கை என்பது அரசு உத்தியோகத்தின் பழைய விதி. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017-ல் வந்த உத்தரவுப்படி உள்நாட்டில் பிசினஸ் வகுப்பில் பறக்க ஊதிய அட்டவணையில் 14-ம் நிலையையாவது எட்டியிருக்க வேண்டும். முதல் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம். 2014 அக்டோபரில் நிதி அமைச்சகம் சிக்கன நடவடிக்கை என்று சொல்லி, அதிகாரிகள் முதல் வகுப்பில் பறக்கக் கூடாது என்று தடையே போட்டது. எனவே கையில் முதல் வகுப்பு டிக்கெட் வந்ததும் அவருக்கு எழுந்த முதல் கேள்வி இருக்கையைப் பற்றியது அல்ல. "அதுவரைக்கும் எங்கே உட்கார்ந்திருப்பது?"

கேலிக்குரிய கேள்வி அல்ல இது. கடக்வாஸ்லாவிலிருந்து கிளம்புபவருக்கு ரொம்பவும் நியாயமான கேள்வி. புனேயின் விமான நிலையம் லோஹேகாவில் இருக்கிறது. கடக்வாஸ்லா நகரத்துக்குத் தென்மேற்கு, லோஹேகாவ் வடகிழக்கு. சிங்ககட் சாலையின் நெரிசலில் தொடங்கி ஊர் முழுவதையும் குறுக்கே கடந்தால்தான் போய்ச் சேரலாம். போய்ச் சேர்ந்தாலும் அங்கிருந்து முதல் வகுப்பு உள்ள விமானம் கிடையாது. 2008 ஜூலையில் லுப்தான்சா புனேக்கும் பிராங்க்பர்ட்டுக்கும் இடையே ஒரு விசித்திரமான விமானத்தை விட்டது. சிறிய போயிங் 737, உள்ளே முழுக்க பிசினஸ் வகுப்பு. புனேயைச் சுற்றியுள்ள மோட்டார் தொழிற்சாலைகளுக்கு வந்து போகும் ஜெர்மானியர்களையும் கணினி நிறுவன அதிகாரிகளையும் நம்பி விட்ட விமானம். பின்னாளில் அதுவும் நின்றுபோனது.

ஆகவே மும்பை. 2002 முதல் முழுமையாக இயங்கும் 94.5 கிலோமீட்டர் எக்ஸ்பிரஸ் சாலை இருக்கிறது. ஆனால் கண்டாலா மலைப்பாதையில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், எக்ஸ்பிரஸ் என்ற பெயர் வெறும் பெயர்தான். அனுபவப்பட்ட புனேவாசி விமானத்துக்கு எட்டு மணி நேரம் முன்பே வீட்டைப் பூட்டிவிடுவார். வழியில் ஒன்றும் நேராவிட்டால் நான்கைந்து மணி நேரம் முன்னதாகவே மும்பையில் இருப்பார். ஐரோப்பா போகும் விமானங்கள் பல கிளம்புவதோ நள்ளிரவுக்குப் பிறகு. முதல் வகுப்புப் பயணத்தின் முதல் பகுதி காத்திருப்பதுதான்.

இந்தக் காத்திருப்பைத்தான் விமான நிறுவனங்கள் விற்பனைப் பொருளாக்கின. நியூயார்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் 1939-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் திறந்த 'அட்மிரல்ஸ் கிளப்'தான் உலகின் முதல் விமான நிலைய லவுஞ்ச் என்று கருதப்படுகிறது. ஆரம்பத்தில் அதற்குள் நுழையப் பணம் போதாது, அழைப்பு வேண்டும். யாரை அழைப்பது என்பது கம்பெனியின் இஷ்டம். பிறகுதான் சந்தா கட்டினால் உறுப்பினர் என்ற நிலை வந்தது. இந்தியாவில் இந்த ஆசை ஒரு படி மேலே, ஆகாயத்துக்கே போனது. 1971-ல் ஏர் இந்தியாவுக்கு வந்த முதல் ஜம்போ விமானமான 'எம்பரர் அசோகா'வில், சுழல் படிக்கட்டு ஏறிப் போனால் மேல்தளத்தில் முதல் வகுப்புப் பயணிகளுக்கென்றே ஒரு லவுஞ்ச் இருந்தது. ஆகாயத்தில் இடத்துக்கு விலை அதிகம். காலப்போக்கில் ஜம்போக்களின் மேல்தள லவுஞ்சுகளில் டிக்கெட் விற்கக்கூடிய இருக்கைகள் வந்து உட்கார்ந்தன. லவுஞ்ச் மறுபடி தரைக்கு இறங்கியது.

தரையில் இப்போது நிலைமை என்ன? மும்பையின் இரண்டாவது முனையம் 2014-ல் திறக்கப்பட்டது. அங்கே பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சொந்த லவுஞ்ச் இல்லை. விமான நிலையத்தை நடத்துபவர்களின் பொது லவுஞ்சுக்குத்தான் தங்கள் பயணிகளை அனுப்புகின்றன. பல லட்சம் கொடுத்து முதல் வகுப்பு வாங்கியவரும், அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்து பிசினஸ் வகுப்பு வாங்கியவரும் ஒரே கூரையின் கீழ். ஒரு தடுப்பு, கொஞ்சம் அகலமான நாற்காலி, மேஜைக்கே வந்து கேட்கும் சிப்பந்தி என்று இருந்தால் அதுதான் வித்தியாசம். புறப்படும் ஊரில் முதல் வகுப்புப் பயணிக்கு லவுஞ்சைத் தேர்ந்தெடுக்கும் பிரச்சினை பெரும்பாலும் எழுவதே இல்லை. கொடுத்ததை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இதற்குள் இன்னொரு கூட்டமும் லவுஞ்ச் பக்கம் வந்துவிட்டது. வங்கி அட்டைக்காரர்கள். வாசலில் அட்டையைத் தேய்த்து இரண்டு ரூபாயோ இருபத்தைந்து ரூபாயோ கழிந்தால் சாப்பாடு இலவசம் என்ற ஏற்பாடு வந்த பிறகு, இந்திய விமான நிலையங்களில் அட்டைக்காரர்களுக்கான லவுஞ்சுகளின் வாசலில் ரேஷன் கடை போல வரிசை. உள்ளே இடம் இல்லாமல் வெளியே நின்று காத்திருந்து, பிறகு உள்ளே போய்க் காத்திருப்பது என்ற புதுமை அரங்கேறியது. வங்கிகள் விழித்துக்கொண்டன. 2024 ஏப்ரலிலிருந்து ஒரு பெரிய தனியார் வங்கி, முந்தைய மூன்று மாதத்தில் 35,000 ரூபாய் செலவு செய்தவர்களுக்குத்தான் லவுஞ்ச் என்றது. மற்றவையும் ஆளுக்கொரு நிபந்தனை போட்டன. முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருப்பவர் செய்யக்கூடாத தவறு, பழக்கதோஷத்தில் அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வரிசையில் போய் நிற்பது. செக்-இன் மேஜையில் கொடுக்கும் லவுஞ்ச் அழைப்புச் சீட்டைப் படித்துப் பார்த்தால் போதும். எந்தத் தளம், எந்தக் கதவு என்று அதில் இருக்கும்.

உண்மையான தேர்வு தொடங்குவது நடுவழியில். விமான நிறுவனத்தின் சொந்த ஊரில்தான் அதன் நல்ல லவுஞ்சுகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சூட்சுமம்.

சிங்கப்பூரில் 'பிரைவேட் ரூம்' என்ற அறை இருக்கிறது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் சொந்த முதல் வகுப்பில் பறப்பவர்களுக்கு மட்டுமே அது. அதே கூட்டணியைச் சேர்ந்த வேறு நிறுவனத்தின் முதல் வகுப்பு டிக்கெட்டோடு போனால் மரியாதையாக வேறொரு அறைக்கு அனுப்பிவிடுவார்கள். லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாவது முனையத்தில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 'கன்கார்ட் ரூம்', முதல் வகுப்புப் பயணிகளுக்கு. அடிக்கடி பறந்து உயர்ந்த அட்டை வாங்கியவர்களுக்குப் பக்கத்தில் இன்னொரு லவுஞ்ச். கன்கார்ட் விமானம் 2003-லேயே ஓய்வு பெற்றுவிட்டது. அதன் பெயர் மட்டும் நாற்காலிகளுக்கு மவுசு சேர்த்துக்கொண்டிருக்கிறது. துபாயில் 2013-ல் திறந்த 'ஏ' பகுதியில், எமிரேட்ஸின் முதல் வகுப்பு லவுஞ்ச் அந்தக் கட்டிடத்தின் நீளத்துக்கே நீண்டு கிடக்கிறது. அங்கிருந்தே நேராக விமானத்துக்குள் போகலாம். ஆனால் விமானம் வேறு பகுதியிலிருந்து கிளம்பினால் அந்த வசதியால் பயனில்லை. ரயில் பிடித்து ஓட வேண்டும். துபாயில் லவுஞ்சைத் தேர்ந்தெடுப்பது மெனுவைப் பார்த்து அல்ல, கேட் நம்பரைப் பார்த்து.

பெரியவரும் மகனும் இறங்கும் பிராங்க்பர்ட்டில் கதை இன்னும் சுவாரசியமானது. 2004-ல் லுப்தான்சா அங்கே முதல் வகுப்புப் பயணிகளுக்கென்று தனி முனையமே கட்டியது. லவுஞ்ச் அல்ல, தனிக் கட்டிடம். உள்ளே உணவகம், படுக்கை, குளியல் தொட்டி, தொட்டியில் மிதக்கவிட ஒரு ரப்பர் வாத்து. பாஸ்போர்ட், பாதுகாப்புச் சோதனை எல்லாம் அங்கேயே. நேரம் வந்ததும் ஒருவர் வந்து கூப்பிட்டு, மெர்சிடிஸிலோ போர்ஷேவிலோ உட்காரவைத்து, ஓடுதளப் பக்கமாக விமானத்தின் காலடியில் கொண்டுபோய் விடுவார்.

ஆனால் இந்தக் கட்டிடம் மற்ற முனையங்களுக்கு வெளியே இருக்கிறது. வேறு நாட்டிலிருந்து வந்து இறங்கி வேறு நாட்டுக்குப் போகிறவர் அங்கே போக வேண்டுமானால், குடியேற்றச் சோதனையைத் தாண்டி ஜெர்மனிக்குள் காலடி வைக்க வேண்டும். அமெரிக்க பாஸ்போர்ட்காரருக்கு அதற்கு விசா வேண்டாம். இந்திய பாஸ்போர்ட்காரருக்கு செங்கன் விசா வேண்டும்.

அப்பாவுக்கும் மகனுக்கும் ஒரே டிக்கெட், ஒரே விலை, அடுத்தடுத்த இருக்கை. மகனுக்கு ரப்பர் வாத்து. அப்பாவுக்கு இல்லை. மகன் நல்ல பிள்ளையாக இருந்தால் தானும் போகாமல், முனையத்துக்கு உள்ளேயே இருக்கும் முதல் வகுப்பு லவுஞ்சில் அப்பாவோடு உட்காருவார். அங்கேயும் நல்ல சாப்பாடு, குளியலறை உண்டு. ஒன்றும் குடிமுழுகிவிடாது. ஆனால் ஒரு விஷயம் உறைக்கும். எந்தக் கதவு திறக்கும் என்பதைப் பணம் பாதிதான் முடிவு செய்கிறது. மீதியை முடிவு செய்வது பாஸ்போர்ட்டின் நிறம்.

முதல் வகுப்பு டிக்கெட் வைத்திருந்த ஒரு இந்தியருக்கு இது நேர்வது முதல் தடவை அல்ல. 1893 ஜூன் 7-ம் தேதி இரவு, டர்பனிலிருந்து பிரிட்டோரியாவுக்குக் கிளம்பிய இளம் வக்கீல் மோகன்தாஸ் காந்தியிடமும் முறையான முதல் வகுப்பு டிக்கெட் இருந்தது. பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஸ்டேஷனில் அவரை இறக்கிவிட்டார்கள். கடுங்குளிர். ஓவர்கோட் பெட்டிக்குள். பெட்டியோ ரயில்வே ஆட்களிடம். கேட்டால் மறுபடியும் அவமானப்பட நேரும் என்று கேட்காமலே, இருண்ட வெயிட்டிங் ரூமில் ராத்திரி முழுவதும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்று தடுத்தது தோலின் நிறம். இன்றைய விசா விதியை அதற்குச் சமம் என்று சொல்ல முடியாது. விசா கேட்டு வாங்கக்கூடியது. அன்று காந்தியால் கேட்டு வாங்கக்கூடியது எதுவும் இல்லை. ஆனாலும் டிக்கெட் மட்டும் பேசாது என்ற பாடம் அந்த வெயிட்டிங் ரூமிலேயே எழுதப்பட்டுவிட்டது. தென்னாப்பிரிக்காவில் முதல் வகுப்புக்காக வாதாடிய அதே மனிதர், இந்தியாவுக்குத் திரும்பியபின் வேண்டுமென்றே மூன்றாம் வகுப்பில் போனார் என்பது சரித்திரத்தின் வேடிக்கை.

அந்த வேடிக்கை இன்னும் ஓயவில்லை. 2009 செப்டம்பரில் மன்மோகன் சிங் அரசு சிக்கனம் பேசியபோது, சோனியா காந்தி டில்லியிலிருந்து மும்பைக்கு எகானமியில் பறந்தது தலைப்புச் செய்தியானது. எகானமி வகுப்பை மாட்டுத் தொழுவத்தோடு ஒப்பிட்டு ட்விட்டரில் எழுதிய இணை அமைச்சர் சசி தரூர் கட்சிக்குள்ளேயே வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்தியாவில் எந்த வகுப்பில் உட்காருவது என்பது வசதியின் பிரச்சினை மட்டும் அல்ல. பார்வையின் பிரச்சினையும்கூட.

சரி, மகன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டைப் பெரியவர் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது? யோசித்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு சிக்கலானதல்ல. டிக்கெட் வாங்கும்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடலாம். லவுஞ்ச் நிறுவனத்தின் சொந்தமா, இல்லை வாடகை ஏற்பாடா? பாதுகாப்புச் சோதனைக்கு முன்பா, பின்பா? அங்கே போகத் தனி விசா வேண்டுமா? பிராங்க்பர்ட்டில் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றால், முன்கூட்டியே செங்கன் விசா எடுப்பது பற்றி யோசிக்கலாம். இரண்டு மணி நேரம்தான் என்றால், கேட்டுக்குப் பக்கத்து லவுஞ்சே மேல். எழுபது வயதுக் கால்களுக்கு ரப்பர் வாத்தைவிடக் குறைந்த நடை பெரிய சொகுசு.

அடுத்தது சாப்பாடு. நள்ளிரவு விமானம் என்றால் கீழேயே சாப்பிட்டுவிட்டு, ஏறியதும் தூங்கிவிடுவது புத்திசாலித்தனம். முதல் வகுப்பில் வாங்கிய விலையுயர்ந்த பொருள் படுக்கைதான். அதில் படுக்காமல் ஐந்து கோர்ஸ் சாப்பாட்டில் மூன்று மணி நேரத்தைக் கழிப்பவர் ஏமாந்தவர். பகல் விமானம் என்றால் இதற்கு நேர்மாறு. லவுஞ்சில் ஒரு காபியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மனைவி உடன் வந்து, அவருக்கு மட்டும் எகானமி டிக்கெட் என்றாலும் கவலை வேண்டாம். லுப்தான்சாவும் சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் சேர்ந்திருக்கும் ஸ்டார் அலையன்ஸ் விதிப்படி, முதல் வகுப்புப் பயணி அதே இடத்திலிருந்து கூட்டணி விமானத்தில் பறக்கும் ஒருவரை விருந்தினராக லவுஞ்சுக்குள் அழைத்துப் போகலாம். 'பிரைவேட் ரூம்' போன்ற தனி அறைகளுக்குத் தனி விதி. வாசலில் போய் வாதாடுவதைவிட, போன் போட்டு முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று, பெரும்பாலான லவுஞ்சுகளில் விமானம் கிளம்பப்போகிறது என்று அறிவிப்பு கிடையாது. மெத்தை நாற்காலியில் கண்ணயர்ந்து விமானத்தைத் தவறவிட்டால், முதல் வகுப்பு என்று யாரும் வந்து எழுப்ப மாட்டார்கள். பிராங்க்பர்ட்டின் அந்தத் தனிக் கட்டிடத்தைப் போன்ற சில இடங்கள் மட்டுமே விதிவிலக்கு.

லவுஞ்சுக்கு வெளியே இருப்பதையும் மறந்துவிட வேண்டியதில்லை. மும்பை இரண்டாவது முனையத்தில் சுவர் நெடுக ஆயிரக்கணக்கான இந்தியக் கலைப்பொருட்களை வைத்திருக்கிறார்கள். எந்த வகுப்பு என்று கேட்காமல் எல்லோருக்கும் காட்சி தருகின்றன. நான்கு மணி நேரம் முன்னதாக வந்துவிட்ட புனேக்காரருக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது. டிக்கெட் வாங்கவே கணக்குப் பார்த்த பயணிகளையும் இப்போது மெல்ல நினைத்துப் பார்க்கிறார்கள். 2024 டிசம்பரில் கொல்கத்தாவிலும், 2025 பிப்ரவரியில் சென்னையிலும் திறந்த 'உடான் யாத்ரி கஃபே'யில் டீ 10 ரூபாய், சமோசா 20 ரூபாய். விமான நிலையத்தில் மூன்று இலக்க விலையில் டீ குடித்து வெந்துபோனவர்களுக்கு இதுவே ஒரு லவுஞ்ச்.

பெரியவர் திரும்பி வரும்போது டில்லி வழியாக புனேக்கே வருவதாக வைத்துக்கொள்வோம். கண்டாலா மலைப்பாதை மிச்சம். 2024 ஜூலை முதல் இயங்கும் புதிய முனையம் லோஹேகாவில் விசாலமாக நிற்கிறது. ஆனால் கட்டிடம்தான் பயணிகளுடையது. ஓடுதளம் இந்திய விமானப்படையின் சொத்து. சுகோய் போர் விமானங்கள் பயிற்சிக்குக் கிளம்பும் நேரத்தில் பயணிகள் விமானங்கள் காத்திருந்துதான் ஆக வேண்டும்.

அந்தப் போர் விமானத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர் கடக்வாஸ்லாவின் தேசிய ராணுவக் கல்லூரியில் மூன்று வருடம் படித்து வெளியேறியவராக இருக்கலாம். பெரியவர் காலை நடை போகும் ஏரிக்கரையின் மறுபக்கத்தில் அணிவகுத்தவராக இருக்கலாம். 2025 மே 30-ம் தேதி அங்கிருந்து முதல்முறையாக 17 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். நாளை அந்த இருக்கையில் அவர்களில் ஒருவரும் இருக்கலாம். அரசாங்கக் கணக்குப்படி, பயணியாகப் போனால் இவர்களுக்கு எகானமி டிக்கெட்தான். 14-ம் நிலையை எட்ட இன்னும் பல வருடம் ஆகும். ஆனால் அவர் ஓடுதளத்தில் இருக்கும் அந்தச் சில நிமிடங்களில், எகானமியும் பிசினஸும் ஒன்றாகக் காத்திருக்கின்றன. லோஹேகாவில் அப்போது ஒரே வகுப்புதான்.